பிப்ரவரி 24: எஸ்தோனியரின் விடுதலை நாள்

சோவியத் ஒன்றியத்திலிருந்து 1991இல் விடுபட்ட நாடுகளுள் எஸ்தோனியாவும் ஒன்று. ஆயினும் அம்மக்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுவது 1918ஆம் ஆண்டின் பிப்ரவரி 24ஆம் நாளையே. இதன் காரணத்தை என் மாணவர்களுக்கு விளக்குவதற்காகத் திரட்டிய செய்திகளை ஆசிரியர்களுடனும் பெற்றோர்களுடனும் பகிர்ந்துகொள்கிறேன்.

அது முதல் உலகப் போர்க் காலம். ரஷ்யப் படை பின்வாங்க, ஜெர்மானியப் படை முன்னேறிக்கொண்டிருந்தது. அந்தச் சிறிய இடைவெளியில், பிப்ரவரி 23 மாலை பார்னு நகரில் விடுதலை அறிக்கை முதன்முதலாக வாசிக்கப்பட்டது. மறுநாள் தலைநகர் தாலினில் வெளியிடப்பட்டது. 25ஆம் நாளே ஜெர்மானியர் தாலினுக்குள் புகுந்தனர். பின்னர் சோவியத் ரஷ்யாவுடனும் போரிட்டு, 1920 பிப்ரவரி 2இல் தார்த்து உடன்படிக்கையின் வழி எஸ்தோனியர் தம் விடுதலையை உறுதிப்படுத்திக்கொண்டனர்.

1940இல் சோவியத் ஒன்றியம் அந்நாட்டைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. நீலம், கறுப்பு, வெள்ளை நிறங்கள் கொண்ட தேசியக் கொடி தடைசெய்யப்பட்டது. பாடநூல்கள் போற்றாத அந்நாளை வீட்டுப் பெரியவர்களே நினைவில் காத்தனர். 1989 பிப்ரவரி 24இல், சோவியத் ஆட்சி நீடித்தபோதே, தாலினின் டூம்பியா கோட்டையில் உள்ள 'நெட்டை ஹெர்மன்' கோபுரத்தில் அக்கொடி மீண்டும் ஏற்றப்பட்டது.

இன்றும் கொண்டாட்டம் அக்கோபுரத்தடியில்தான் தொடங்குகிறது. கடுங்குளிரில், கதிரவன் எழும் வேளையில் மக்கள் திரண்டு நிற்க, நாட்டுப்பண்ணுடன் கொடி ஏறுகிறது. பின்னர்ப் படை அணிவகுப்பு நடைபெறும். இல்லங்களில் கறுப்பு ரொட்டியின்மீது, மத்தியைப் போன்ற சிறுமீனை வைத்து உண்பர். மாலையில் அதிபர் அளிக்கும் வரவேற்பைத் தொலைக்காட்சியில் கண்டு மகிழ்வர்.

1991 ஆகஸ்டு 20ஐயும் அவர்கள் மறக்கவில்லை. அதுவும் பொது விடுமுறையே. ஆனால் அதன் பெயர் 'விடுதலை மீட்பு நாள்'. இப்பெயரில்தான் அவர்களின் வாதம் அடங்கியுள்ளது. 1991இல் புதிய நாடு பிறக்கவில்லை. 1918இல் பிறந்த நாடு பறிக்கப்பட்டு, மீட்கப்பட்டது என்பதே அவர்கள் நிலைப்பாடு. 1991ஐப் பிறந்த நாளாகக் கொண்டால், இடைப்பட்ட ஆக்கிரமிப்பை முறையான ஆட்சியென ஏற்றதாகிவிடும் அன்றோ?

நம் பிள்ளைகளும் ஆகஸ்டு 31, செப்டம்பர் 16 ஆகிய நாள்களை மனனம் செய்கின்றனர். தேதியைக் கேட்பதோடு நில்லாமல், "ஏன் அந்த நாள்?" என்றும் வகுப்பிலும் வீட்டிலும் அவர்களைக் கேட்போம்.