காலையில் ஃபைல், மாலையில் அரிதாரம்

அறுபதுகளில் சென்னை நாடக மேடையை வளர்த்தவை சபாக்கள் என்போம். அரசாங்கச் சம்பளத்துக்கும் அதில் பங்கு உண்டு.

நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. ரயில்வே ஊழியர்கள் போட்ட நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சின்ன வேடம். தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். பாராட்டினார். கே. பாலசந்தருக்கு ஏ.ஜி. ஆபீஸ் உத்தியோகம். ஹோட்டல் சர்வர் சினிமா நடிகனாகும் ‘சர்வர் சுந்தரம்’ அவர் எழுதி, நாகேஷ் நடித்த நாடகம், 1964இல் படமாயிற்று. வேடம் கிடைக்காத மாதத்திலும் இவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

நான் சர்வீஸில் சேர்ந்த எழுபதுகளிலும் ஆபீஸ் நாடகங்கள் உண்டு. அம்பத்தூர், ஆவடி ஆசாமிகளுக்குக் கடைசி ரயில் மீதே ஒரு கண்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்நாட்டுச் செய்தி ஒன்று சொல்கிறேன். அங்கே 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்த நடிகருக்கு, வாய்ப்பில்லாத நாட்களுக்கும் உதவித்தொகை உண்டு.

இங்கே எங்கள் தெருப் பையன் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். ஆடிஷன் என்று வாட்ஸப்பில் தகவல் வந்தால், செயலியை அணைத்துவிட்டுப் பூந்தமல்லிப் பக்கமோ வடபழனிக்கோ ஓடுகிறான். லீவ் லெட்டர் வேண்டாம்; அன்றைய வரும்படியும் கிடையாது.

அவனிடம் நான் சொன்னது இரண்டே: கையிலுள்ள வேலையை விடாதே, ஆடிஷனுக்குப் பணம் கேட்பவனிடம் போகாதே.