நடுப்பெட்டியில் வாழும் வசனம்

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, தமிழகத்தின் எல்லையூரான ஆரம்பாக்கம் வரையிலான பகுதியில், வீட்டுக் கூடத்தில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. ஐந்து ஸ்பீக்கர் பெட்டிகள், ஒரு சப்வூஃபர், ஒரு ரிசீவர். கூடவே வரும் சிறு மைக்கை இருக்கையருகே நிறுத்திப் பொத்தானை அழுத்தினால், எந்தப் பெட்டி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதை ரிசீவரே அளந்து வைத்துவிடுகிறது. அதன் பிறகும் ஒரு குறை எஞ்சுகிறது. குண்டு வெடிப்பது கேட்கிறது, பாட்டு அதிர்கிறது. பேச்சு மட்டும் விளங்குவதில்லை. வீட்டு முதியவர் “என்ன சொன்னான்?” என்று கேட்டுக்கொண்டே படம் பார்க்கிறார். இந்தக் குறையைக் கருவியின் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. அதன் பின்னே நீண்ட வரலாறு ஒன்று உண்டு.

தமிழ்ப்படம் பிறந்ததே பேச்சோடுதான். 1931-இல் வந்த ‘காளிதாஸ்’ படத்தில் நாயகி டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார். இரு மொழியும் புழங்கும் ஆரம்பாக்கத்தாருக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது! அங்கிருந்து 1952-இன் ‘பராசக்தி’ வரும்போது வசனமே படத்தின் உயிராகிவிட்டது. ‘திருவிளையாடல்’ (1965) போன்ற படங்களின் கதைவசனம் இசைத்தட்டாகவும் ஒலிநாடாவாகவும் கோயில் கொடைகளிலும் கல்யாண வீடுகளிலும் குழாய் ஒலிபெருக்கி வழியே முழங்கியது. வானொலியின் ‘ஒலிச்சித்திரம்’ கேட்டே படம் பார்த்த நிறைவடைந்தவர்களும் நம்மிடையே உண்டு. படத்தைக் காதால் பார்த்த சமூகம் இது.

அன்றைய ஒலி ஒற்றைத் தடம். பிலிமின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்த அந்த ஒலியில் இரைச்சல் மிகுதி. அதை மறைக்க, உயர் அதிர்வெண்களைத் தணித்து ஒலிக்கும் முறையொன்றை 1938-இல் ஹாலிவுட்டின் அகாடமி வகுத்தது. இசையின் மினுக்கு அதில் இழப்பாயிற்று. ஆனால் பேச்சு பிழைத்தது. பேச்சும் பாட்டும் வெடியும் ஒரே தடத்தில் வந்ததால், வசனம் மூழ்காதபடி மற்றவற்றை அடக்கிவைக்கும் பொறுப்பு ஒலிக்கலவை செய்பவருடையதாகவே இருந்தது. கொட்டகைக்காரர் திருப்ப ஒரே குமிழ்தான்.

1970-களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு சோதனையை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். டால்பி நிறுவனத்தின் அயோன் ஆலனும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில், கேட்பவருக்கு அருகே ஒரு நல்ல ஒலிபெருக்கியை வைத்து, தொலைவில் திரைக்குப் பின்னிருந்த பெரிய ஒலிபெருக்கியோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும்வரை திரை ஒலியைத் திருத்தினார்கள். பிறகு அளந்தபோது, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சரிந்துகொண்டே போயிருந்தது. அந்தச் சரிவே பின்னாளில் ‘எக்ஸ் வளைவு’ என்ற பெயரில் உலகத் திரையரங்குகளின் அளவுகோலாயிற்று. அதாவது, காது முதலில் தீர்மானித்தது. மீட்டர் பிறகு எழுதிக்கொண்டது. இன்று கருவி காட்டும் எண்ணுக்கு முன்னால் நம் காதை நாமே சந்தேகிக்கும்போது, இந்த வரிசை நமக்கு மறந்துபோகிறது.

திரையரங்குக்கான ஒலியளவும் இப்படி வகுக்கப்பட்டதே. திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு தடத்துக்கும் 85 டெசிபல். பக்கச் சுவர்களின் சரவுண்ட் வரிசை ஒவ்வொன்றுக்கும் 82, இரண்டும் சேர்ந்தால் 85. கட்டுப்பாட்டுக் குமிழ் 7-இல் நிற்க வேண்டும் என்பது விதி. படங்களின் இரைச்சல் கூடக்கூடப் பார்வையாளர் முறையிட, பல நாடுகளிலும் அரங்கினர் குமிழை 5-க்கும் கீழே இறக்கினர். வெடியோடு சேர்ந்து வசனமும் இறங்கிற்று.

1987-இல் டாம்லின்சன் ஹோல்மன் முன்வைத்த 5.1 என்ற ஏற்பாட்டில் பேச்சுக்கென்று நடுத்தடம் அமைந்தது. தமிழில் பல்தட ஒலி பரவியது 1990-களில். டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர். முறையில் அமைந்த முதல் இந்தியப் படம் என்று ‘குருதிப்புனல்’ (1995) குறிக்கப்படுகிறது; டி.டி.எஸ். ஒலிக்கு ‘கருப்பு ரோஜா’ (1996). 2008-இல் மறைந்த எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பொறியாளர்களின் உழைப்பால் தமிழ்ப்படத்தின் ஒலி உலகத் தரத்தை எட்டியது. அதே வேளையில், அதுவரை அரங்கம் முழுவதையும் ஆண்ட வசனம் ஐந்தில் ஒரு பெட்டிக்குள் குடிபுகுந்தது. தியேட்டரில் அந்தப் பெட்டி மற்றவற்றுக்கு நிகரான உருவம். வீட்டிலோ டிவிக்குக் கீழே அலமாரியில் செருகிய சிறு பெட்டி!

வீட்டு ரிசீவர்களில் தானியங்கி அளவீடு பரவியது 2000-களில். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2002-இல் பிறந்த ஆடிஸி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஹோல்மனும் ஒருவர் என்பது கதையின் சுவையான திருப்பம். கருவி எல்லாப் பெட்டிகளையும் இருக்கையில் ஒரே அளவாக, பொதுவாக 75 டெசிபலுக்கு, நிறுத்துகிறது. அந்த வேலையை அது நம்மைவிடத் திருத்தமாகவே செய்கிறது. ஆனால் அதற்குத் தெரியாதவை சில உண்டு. சென்னை–கூடூர் ரயில் பாதையும் கொல்கத்தா நெடுஞ்சாலையும் ஆரம்பாக்கம் வழியாகவே செல்கின்றன. மைக் அளந்தது ஓர் அமைதியான நேரத்தை. நாம் படம் பார்ப்பது லாரிகள் ஓடும் நேரத்தில். கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் பேச்சை எதிரொலித்துக் குழப்புவதையும் அது ஓரளவே சரிசெய்யும். முதியவரின் காதில் மெய்யெழுத்துகளின் உயர் ஒலி மங்கிவிட்டதை அது அறியவே அறியாது.

ஆகவே, அளவீட்டுக்குப் பின் கையை வைப்பது குற்றமன்று. நடுப்பெட்டியை அரை அரை டெசிபலாக ஏற்றி, ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள் நிறுத்திப் பாருங்கள். மூன்றைத் தாண்டினால் பேச்சு படத்திலிருந்து பிரிந்து தனியே நிற்கும். அதை ஏற்றுவதற்கு முன், அலமாரியின் உட்குழிவிலிருந்து முன்விளிம்புக்கு நகர்த்திக் காதை நோக்கிச் சாய்ப்பது அதைவிட முக்கியம். நகர்த்திய பின் ஒருமுறை மறுபடி அளந்துவிடலாம். தாழ்ந்த ஒலியில் அடித்தள ஓசை காதுக்கு மெலியும் என்பதை பிளெட்சரும் மன்சனும் 1933-லேயே காட்டிவிட்டார்கள். வீட்டில் நாம் தியேட்டர் அளவில் கேட்பதில்லையாதலால் சப்வூஃபரை இரண்டு, மூன்று டெசிபல் கூட்டுவோரும் உண்டு. பக்கத்து வீட்டுச் சுவரை எண்ணி நாம் அதைச் சிபாரிசு செய்யத் தயங்குகிறோம். தாழ்ந்த ஒலிக்கு ஈடுகட்டும் ‘டைனமிக் ஈக்யூ’ வசதி இயங்கினால், அது சரவுண்ட் பெட்டிகளையும் சேர்த்து உயர்த்தும். அவற்றை ஒன்றிரண்டு குறைப்பது வசனத்துக்கு நல்லது. சப்வூஃபரின் தொலைவாகக் கருவி காட்டும் எண் உண்மைத் தொலைவைவிடக் கூடுதலாக இருக்கலாம். அதைத் திருத்த வேண்டாம்; அது மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்த கணக்கு.

சோதிக்கப் புதுப்படத்தின் சண்டைக்காட்சி வேண்டாம். இருவர் மெல்லப் பேசும் காட்சியொன்றை, சாலை ஓசை மிகுந்த நேரத்தில், வீட்டின் மூத்தவரை நடு இருக்கையில் அமர்த்திப் போட்டுக் காட்டுங்கள். சரியென்று அவர் சொன்ன எண்களை ஒரு தாளில் குறித்து ரிசீவரின் அடியில் வைத்துவிட வேண்டும். மறுமுறை மைக்கை நிறுத்தி அளக்கும்போது, கையால் வைத்தவற்றைக் கருவி அழித்துவிடும்.