கலிபோர்னியா வறட்சியும் (2012–2016) சூழல் சட்டங்களும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2012 முதல் 2016 வரை நீடித்த வறட்சியின்போது, அரசு எடுத்த அவசர நடவடிக்கைகள் சூழல் பாதுகாப்புச் சட்டங்களுடன் மோதின. 2014 ஜனவரி 17 அன்று ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வறட்சி அவசரநிலையை அறிவித்தார். திட்டங்களுக்கு முன்கூட்டியே சூழல் தாக்க ஆய்வு கோரும் மாநிலச் சட்டம் (1970), நீர்ப் பரிமாற்றம், அணை நீர்த்திறப்பு மாற்றம் போன்ற சில பணிகளுக்கு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் அருகிவரும் உயிரினங்களைக் காக்கும் 1973ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டாட்சி அரசுடையது. அதை நிறுத்த ஆளுநருக்கு அதிகாரம் இல்லை.

மாநிலத்தின் மழையும் பனியும் பெரும்பாலும் வடக்கே. வயல்களும் பெருநகரங்களும் அதிகம் தெற்கே. சேக்ரமெண்டோ, சான் வாக்கின் ஆறுகள் கூடும் கழிமுகத்திலிருந்து பெரிய பம்புகள் நீரைத் தெற்கே இறைக்கின்றன. அங்குதான் விரல் நீளமே உள்ள டெல்டா ஸ்மெல்ட் மீன் வாழ்கிறது. 1993 முதல் இது பாதுகாக்கப்பட்ட இனம். மீன்கள் பம்புகளை நெருங்கும் காலத்தில் இறைப்பைக் குறைக்க வேண்டும். ஒரு சிறு மீனுக்காக நீர் கடலில் வீணாகிறது என்று உழவர்கள் கொதித்தனர். 2014, 2015 இரு ஆண்டுகளும் கூட்டாட்சிப் பாசனத் திட்டத்திலிருந்து அவர்களில் பலருக்கு ஒதுக்கீடு சுழியம். கோபம் வராமல் இருக்குமா? ஆயினும் அவ்வாண்டுகளில் கடலுக்குச் சென்ற நீரில் பெரும்பகுதி, உப்பு நீர் உள்ளே ஏறாமல் தடுக்கவே தேவைப்பட்டது. அது இல்லையேல் பம்புகளில் உப்பு நீரே வந்திருக்கும்.

2014 ஜனவரி இறுதியில் மாநில நீர்வள வாரியம், கழிமுகத்திலிருந்து கடலுக்கு விடவேண்டிய குறைந்தபட்ச நீரை வினாடிக்கு 7,100 கன அடியிலிருந்து 3,000 கன அடியாகத் தற்காலிகமாகக் குறைத்தது. 2015இல் உப்பு ஏறாதிருக்க மேற்கு ஃபால்ஸ் ஆற்றின் குறுக்கே பாறைத் தடுப்பும் போடப்பட்டது.

ஸ்மெல்ட்டைப் பற்றிய கூச்சலில், பேரிழப்புக்கு உள்ளான மீன் அதிகம் பேசப்படவில்லை. அது குளிர்காலத்தில் ஆறேறும் சினூக் சால்மன். முன்பு மலையோடைகளில் முட்டையிட்ட இம்மீனின் வழியை, 1945இல் முடிந்த ஷாஸ்டா அணை அடைத்துவிட்டது. இப்போது அணைக்குக் கீழே, கோடை வெயிலில் முட்டையிடுகிறது. நீர் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசைத் தாண்டினால் முட்டைகள் தாங்கா. அணையின் அடியில் தேங்கும் குளிர்நீரே அவற்றுக்கு உயிர். பாசனத்துக்கும் நகரங்களுக்கும் நீர் திறந்து அணை வற்றியதால் குளிர்நீர் தீர்ந்தது. 2014இல் முட்டைகளிலும் குஞ்சுகளிலும் சுமார் 95 விழுக்காடு மடிந்தன. 2015இலும் ஏறக்குறைய அதே நிலை. இம்மீனின் வாழ்நாள் பொதுவாக மூன்றே ஆண்டுகள். அதில் அடுத்தடுத்து இரண்டு தலைமுறை போயிற்று என்றால், ‘தற்காலிகத் தளர்வு’ என்ற சொல் அதற்குப் பொருந்துமா?

2016 டிசம்பர் 16 அன்று, மழைப் பெருக்கின்போது கூடுதலாக இறைக்க வழிசெய்யும் கூட்டாட்சிச் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்டார். கலிபோர்னியாவின் இரு செனட்டர்களும் ஒரே கட்சியினர். டயான் ஃபைன்ஸ்டைன் அதை ஆதரித்தார், பார்பரா பாக்சர் எதிர்த்தார். 2017 ஏப்ரலில் பெரும்பாலான மாவட்டங்களில் அவசரநிலை நீக்கப்பட்டது. 2021இல் வறட்சி திரும்பியபோது நீர்விதிகள் மறுபடியும் தளர்த்தப்பட்டன. மேற்கு ஃபால்ஸ் ஆற்றில் மீண்டும் பாறைத் தடுப்பு எழுந்தது. சால்மன் முட்டைகள் மீண்டும் வெந்நீரில் மடிந்தன.