இயற்கை ஆய்வாளர் உருவாவது எங்ஙனம்?

மருத்துவராக விரும்புவோருக்கு மருத்துவக் கல்லூரி உண்டு. வழக்கறிஞராக விரும்புவோருக்குச் சட்டக் கல்லூரி உண்டு. பறவையையும் விலங்கையும் செடிகொடியையும் அவை வாழும் இடத்திலேயே கண்டு, கண்டதைக் கண்டவாறே குறித்து வைக்கும் இயற்கை ஆய்வாளர் எந்தக் கல்லூரியில் உருவாகிறார்? விலங்கியலும் தாவரவியலும் கற்ற பட்டதாரிகள் ஆண்டுதோறும் வெளிவந்துகொண்டேயிருக்கின்றனர். அவர்களுள் தம் வீட்டு வேம்பில் வந்தமரும் பறவையின் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் சிலரே. பட்டம் பெறாத சிலரோ உலகம் போற்றும் ஆய்வாளராகத் திகழ்ந்துள்ளனர். அந்த ஆர்வம் எங்கே முளைக்கிறது, எதனால் வளர்கிறது என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வது நம் பிள்ளைகளின் பொருட்டு இன்றியமையாதது எனக் கருதுகிறோம்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற களம் திருநெல்வேலிச் சீமை. பொதிகையில் தோன்றி, பாபநாசத்தில் சமவெளியைத் தொட்டு, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் வழியாக ஓடிப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டரே. அக்குறுகிய தொலைவிற்குள் மழைக்காடும், மலையடிவாரப் புதரும், நெல்வயலும், குளமும், கழிமுகமும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மலைமேற் சோலைகளில் சிங்கவால் குரங்கும், ஆற்றோரத்து நீர்மருத மரங்களில் தலைகீழாய்த் தொங்கும் பழந்தின்னி வௌவாலும், நீரில் நீர்நாயும், குளங்களில் நாரையும் கூழைக்கடாவும் வாழ்கின்றன. மேலப்பாளையத்து நெசவாளரும், பொட்டல்புதூர் மக்களும், காயல்பட்டினத்து வணிகரும் இவ்வாற்றின் மடியில் வளர்ந்தவர்களே.

இந்த நிலத்தின் மீது நம் முன்னோர் கொண்ட பற்றுக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. எட்டயபுரத்தில் புகழுடன் வாழ்ந்த உமறுப் புலவர், சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை வருணிக்கப் புகுந்தபோது, மழையும் ஆறும் நெல்வயலும் நிறைந்த தமிழ் நிலத்தையே தீட்டிக் காட்டினார். அவர் கண்கள் கண்டு பழகிய வளம் அது. ஆயினும் நிலத்தை நேசிப்பது ஒன்று. அந்நிலத்தில் எந்த மரம் எந்தத் திங்களில் பூக்கிறது, எந்தப் பறவை எப்போது வந்து எப்போது போகிறது என்று நாள்தோறும் குறித்து வைப்பது மற்றொன்று. முன்னது நம்மிடம் நிரம்ப இருந்தது. பின்னது இருக்கவில்லை.

ஆதலின், நம் மலைகளைப் பற்றிய ஆய்வேடுகளை முதலில் எழுதியோர் பிறநாட்டாராயினர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக வந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட், 1830களில் குற்றாலத்திலும் சூழவுள்ள மலைகளிலும் செடிகளைத் திரட்டினார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட தாவரப் படநூல் வரிசையில் 2,000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. அவருக்காகச் செடிகளை வரைந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் ஆவர். அவர்களுடைய பெயர்களேனும் எஞ்சின. காட்டின் மூலிகைகளை வேர்முதல் விதைவரை அறிந்திருந்த பொதிகை மலைக் காணி மக்களுள் அந்நாளில் யார் யார் என்னென்ன அறிந்திருந்தனர் என்பது ஏட்டில் ஏறவில்லை. அறிவு நம்மவரிடத்தில் இருந்தது. குறிப்பேடு பிறரிடத்தில் இருந்தது. எழுதப்படாத அறிவு, அறிந்தவரோடு மண்ணுக்குள் போய்விடுகிறது.

பின்னர் இந்தச் சீமையிலேயே ஓர் இயற்கை ஆய்வாளர் பிறந்தார். 1912 ஜூன் 30-இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன்தான் அவர். தாமிரபரணிக் கரையை அடுத்த பெருங்குளத்திலே தோன்றி, 'பத்மாவதி சரித்திரம்' எழுதித் தமிழ் நாவலின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கிய அ. மாதவையாவின் இளைய மகன் இவர். பிறந்தது நெல்லையாயினும், கிருஷ்ணன் வளர்ந்தது சென்னை மயிலாப்பூரில். இன்று காண்பது போல் அக்கால மயிலாப்பூர் கட்டடக் காடாக இருக்கவில்லை. வீட்டைச் சுற்றிப் புதர்கள், அவற்றில் பறவைகள், இரவில் நரிகள். சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றையும் வளர்த்து வந்தார். இவ்வாறு வீட்டு முற்றமே அவருக்கு முதற் பள்ளியாயிற்று.

1925-இல் மாதவையா, சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காகப் பேசி அமர்ந்த சிறிது நேரத்தில் அங்கேயே உயிர் நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. மாநிலக் கல்லூரியில் சேர்ந்த அவர் தேர்வுகளில் சிறந்த மாணவராக விளங்கவில்லை. ஆயினும் அங்கே தாவரவியல் பேராசிரியராயிருந்த பைசன் என்னும் ஆங்கிலேயர், அம்மாணவனின் கண்ணில் இருந்த ஆர்வத்தைக் கண்டுகொண்டார். நீலகிரி, பழனி மலைத் தாவரங்களைப் பற்றி நூல் எழுதிய அப்பேராசிரியர், தாமும் தம் மனைவியும் மலைக்குச் சென்றபோது கிருஷ்ணனையும் உடன் அழைத்துச் சென்றார். நீர்வண்ண ஓவியம் தீட்டும் முறையை அவ்வம்மையாரிடமே கிருஷ்ணன் கற்றார். தேர்வுத் தாள் காட்டாத ஒன்றை ஓர் ஆசிரியர் கண்டார் என்பதே ஈண்டு நாம் நினைவிற்கொள்ள வேண்டியது.

அதன் பின்னும் வாழ்க்கை எளிதாக அமையவில்லை. சிறுசிறு பணிகள் பார்த்து, 1942-இல் பெல்லாரிப் பக்கத்துச் சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்கமர்ந்தார். ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலாளர் எனப் பல பொறுப்புகள் வகித்தார். ஓய்ந்த நேரமெல்லாம் அங்குள்ள மலைகளில் அலைந்தார். சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தபின் சென்னை திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950-இல் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி, 1996 பிப்ரவரி 18-இல் அவர் மறைந்த நாள்வரை 46 ஆண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. 1968-இல் நேரு ஆய்வு நிதியும் 1970-இல் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன. தமிழிலும் அவர் அழகுற எழுதினார். அக்கட்டுரைகள் சிலவற்றைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக்கியுள்ளார். எனினும் நெல்லையில் பிறந்த இத்தமிழரின் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதி ஆங்கில ஏட்டிலேயே வெளிவந்தது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இனி, நம் வாசகர்கள் நன்கறிந்த மற்றொருவரின் தொடக்கத்தைக் காண்போம். பறவை ஆய்வாளர் சாலிம் அலி அவர்கள் 1896 நவம்பர் 12-இல் பம்பாயில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தாய்தந்தையரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தார். காற்றுத் துப்பாக்கியால் சிட்டுக்குருவிகளை வீழ்த்துவது அவருடைய சிறுவயது விளையாட்டு. ஏறத்தாழப் பத்து வயதில் அவர் வீழ்த்திய ஒரு சிட்டின் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. வழக்கமான சிட்டினின்று வேறுபட்ட இதனை உண்பது ஆகுமா, ஆகாதா? மார்க்கத்தைப் பேணும் குடும்பத்துச் சிறுவனின் மனத்தில் இயல்பாக எழுந்த ஐயம் அது. பறவையை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

மாமா வேட்டையில் பழகியவர். எனினும் அது என்ன பறவை என்று அவருக்கும் தெரியவில்லை. "இதைத் தூக்கி எறிந்துவிட்டுப் படிக்கப் போ" என்று அவர் சிறுவனை விரட்டியிருந்தால், இந்தியப் பறவையியலின் வரலாறு வேறாகியிருக்கும். அவர் அறிமுகக் கடிதம் ஒன்றை எழுதி, 1883-இல் நிறுவப்பெற்ற பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லர்டிடம் சிறுவனை அனுப்பினார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்ன மில்லர்ட், அத்துடன் நிறுத்தாமல், கழகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். படிக்க நூல்களும் தந்தனுப்பினார்.

அந்த வயதிலேயே சாலிம் அலி எழுதிய குறிப்பொன்று எஞ்சியுள்ளது. சுவர்ப் பொந்தில் கூடு கட்டிய பெண் சிட்டின் காவலாயிருந்த ஆணைச் சுட்டு வீழ்த்தியதும், பெண் சிட்டு வேறோர் ஆணைச் சேர்த்துக்கொண்டது. ஏழு நாள்களில் அவ்வாறு எட்டு ஆண்கள் வீழ்ந்தன என்று அதில் எழுதியுள்ளார். இக்காலத்தில் சட்டமும் நம் மனமும் ஏற்காத செயல் அது. ஆயினும் கண்டதை எண்ணி, நாளொடு பொருத்தி எழுதும் பழக்கம் அங்கே தொடங்கிவிட்டதை மறுக்க இயலாது.

இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பணி, முறையான பட்டம் இல்லாமையால் அவருக்குக் கிடைக்காமற் போயிற்று. 1929-இல் ஜெர்மனி சென்று பெர்லினில் ஸ்ட்ரெஸ்மன் என்னும் அறிஞரிடம் பயின்று திரும்பினார். 1933-இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளை ஆராய்ந்தார். நம் பொதிகையின் மறுபக்கச் சரிவுகள் திருவிதாங்கூரைச் சேர்ந்தவையே. 1941-இல் வெளிவந்த அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் இன்றளவும் படிக்கப்படுகிறது. முகலாயப் பேரரசர்கள் இயற்கையை நோக்கிய திறம் குறித்தும் 1920களில் அவர் கட்டுரைகள் எழுதினார். இந்துஸ்தானத்து விலங்குகளையும் கனிகளையும் தம் நினைவேட்டில் குறித்தவர் பாபர். தாம் வளர்த்த சாரசக் கொக்குகள் இரண்டும் மாறி மாறி அடைகாத்ததை உற்றுநோக்கி எழுதியவர் ஜஹாங்கீர். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே பஸராவின் அல்ஜாஹிஸ் விலங்குகள் பற்றிப் பெருநூல் யாத்திருந்தார். உற்றுநோக்கி எழுதும் இக்கலை நம் மரபிற்குப் புதியதன்று.

நெல்லையில் பிறந்தவர் ஒருவர். பம்பாயில் பிறந்தவர் ஒருவர். மார்க்கம், மொழி, குடும்பச் சூழல் யாவும் வேறு. எனினும் இருவர் தொடக்கத்திலும் பொதுவானவை சில உள. இருவருக்கும் முதற் காட்சி வீட்டருகிலேயே கிட்டியது. அடர்ந்த காடு பின்னரே வந்தது. இருவரும் கண்டதைக் குறிக்கும் பழக்கத்தை இறுதிவரை விடவில்லை. இவற்றினும் முதன்மையானது, இருவருக்கும் உரிய நேரத்தில் ஒரு பெரியவர் வாய்த்தார் என்பதே. அப்பெரியவர் எல்லாம் அறிந்தவராக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் அனுப்பி வைக்கும் மனம் இருந்தால் போதும் என்பதற்கு அமீருத்தீன் தையப்ஜியே சான்று.

இதே தாமிரபரணிச் சீமையில் நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தைப் பாருங்கள். அவ்வூர் மக்கள் தம் வீட்டு மரங்களில் கூடு கட்டும் நாரைகளையும் கூழைக்கடாக்களையும் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகின்றனர்; பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளியிலும் வெடி வெடிப்பதைத் தவிர்ப்பவர்கள் அவர்கள். பறவைகளின் எச்சம் கலந்த குளத்து மண் அவர்கள் வயலுக்கு உரமாகிறது. மத்திய ஆசியாவிலிருந்து வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்கு வருகின்றன. 1994-இல் அரசு அவ்விடத்தைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது; 2022-இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. மக்களின் அன்பு பறவைகளைக் காத்தது. ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எத்தனை பறவைகள் வந்தன, இன்று கூடியதா குறைந்ததா என்ற வினாவிற்கு அன்பு மட்டும் விடை தராது. அதற்கு எண்ணிக்கை வேண்டும்.

அக்குறையை நீக்கும் முயற்சி 2011-இல் தொடங்கியது. மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள மையத்தின் முன்முயற்சியில், தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஜனவரியில் நீர்ப்பறவைகள் கணக்கெடுக்கப்படுகின்றன. கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் தன்னார்வலராய்க் குளக்கரைகளில் நின்று எண்ணுகின்றனர். வடகிழக்குப் பருவமழையால் குளங்கள் நிறைந்து, வலசைப் பறவைகள் வந்து தங்கியிருக்கும் காலமாதலால் ஜனவரி அதற்கு ஏற்றது. ஒரே குளத்தை ஒரே பருவத்தில் ஆண்டுதோறும் எண்ணினால்தான், ஒரு குளத்தில் ஆக்கிரமிப்போ சாக்கடைக் கலப்போ நேர்ந்தபோது பறவைக்கு என்னவாயிற்று என்று அதிகாரிகள் முன் சான்றுடன் பேச முடியும்.

நம் குடும்பங்கள் இதில் செய்யக்கூடியது யாது? வணிகத்தில் சிட்டையும் பேரேடும் எழுதிப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. ஒரு காசு விடுபட்டாலும் இரவு விழித்திருந்து கணக்கைச் சரிபார்த்த பாட்டனார்களின் பேரப்பிள்ளைகளுக்குக் குறிப்பெழுதும் நேர்மையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நாள், நேரம், இடம், கண்டது எது, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதட்டும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் அலகின் வடிவையும் எழுதட்டும். பெயர் பின்னர் கிடைக்கும். காணாததை எழுதாதிருக்கட்டும். மேலப்பாளையத்துச் சிறுமி ஒருத்தி தன் வீட்டு மாடியிலிருந்தே இதனைச் செய்யலாம்.

நாம் எழுதுவது பெற்றோரையும் பெரியோரையும் நோக்கியே. மதிப்பெண்ணும் வேலையும் முக்கியமல்ல என்று நாம் கூறவில்லை. ஆனால் ஆற்றங்கரையில் பொறுக்கிய ஒரு சிறகைக் கையில் ஏந்தி, "வாப்பா, இது எந்தப் பறவையினுடையது?" என்று பிள்ளை வந்து நிற்கும்போது, அதனைக் குப்பையில் போடச் சொல்லாதீர்கள். தெரிந்தால் சொல்லுங்கள். தெரியாவிட்டால், தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பம்பாயில் ஒரு மாமா எழுதிக் கொடுத்தது ஒரு சிறு கடிதம்தான்.