கிட்டப்பார்வைக்கு ஒளிச் சிகிச்சை

பிள்ளைகளின் கிட்டப்பார்வை ஏறிக்கொண்டே போவதை வெளிச்சத்தால் மட்டுப்படுத்த முயலும் ஆய்வுத்துறை. விழி முன்பின்னாக அளவுக்கு மீறி நீள்வதால் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுகிறது, கரும்பலகை மங்குகிறது. சாதாரணக் கண்ணாடி பார்வையைத் தெளிவாக்கும், நீளும் விழியை நிறுத்தாது.

அதிகம் பேசப்படுவது சிவப்பொளிக் கருவி. 650 நானோமீட்டர் ஒளியைப் பிள்ளை தினமும் இருமுறை, மூன்று மூன்று நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் உற்றுப்பார்க்க வேண்டும். 8 முதல் 13 வயதுவரையுள்ள 264 சீனப் பிள்ளைகளிடம் நடந்து 2022இல் வெளியான சோதனையில், ஓராண்டில் கருவியைப் பயன்படுத்தியவர்களின் விழி 0.13 மில்லிமீட்டரே நீண்டது. கண்ணாடி மட்டும் அணிந்தவர்களுக்கு 0.38. மலைக்கவைக்கும் வித்தியாசம்தான். ஆனால் நிறுத்தினால் விழி மறுபடி வேகமெடுக்கிறது. ஐந்து மாதம் பயன்படுத்திய 12 வயதுச் சிறுமிக்கு விழித்திரை பாதிக்கப்பட்டதாக 2023இல் அறிக்கை வந்தது. கருவி பிறந்த சீனாவே அதை மிகுந்த ஆபத்துள்ள மருத்துவச் சாதனங்களின் வரிசையில் சேர்த்து, 2024 ஜூலை முதல் உரிமமற்ற விற்பனையைத் தடுத்தது. கடையில் வாங்கிவந்து வீட்டில் வைத்துக்கொள்ளும் விளக்கல்ல இது.

பகல் வெளிச்சத்துக்கு இந்த வம்பில்லை. வகுப்பறையில் வெளிச்சத்தின் அளவு சில நூறு லக்ஸ். நடுப்பகல் வெயிலில் ஒரு லட்சத்தை ஒட்டும். மர நிழலிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். அந்த வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கவைத்து விழியின் வளர்ச்சியை அடக்குவதாகக் கருதப்படுகிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் முதலாம் ஆண்டு மாணவர்களில் ஒரு பகுதியினரை நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்றாண்டில் அவர்களில் 30.4 விழுக்காட்டினருக்கே கிட்டப்பார்வை வந்தது, மற்றவர்களில் 39.5. வருமுன் காப்பதில்தான் இதன் வலு. கண்ணாடி போட்டபின் பயன் குறைவு.

மலேசியத் தமிழர்களான நமக்கு நெருங்கிய கணக்கு 2006இல் வந்தது. 7 முதல் 9 வயது இந்திய வம்சாவளிப் பிள்ளைகளில் சிங்கப்பூரில் 34.1 விழுக்காட்டினருக்கும் கோலாலம்பூரை ஒட்டிய வட்டாரத்தில் 12.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. ஒரே வேர், எல்லை கடந்து சிங்கப்பூர் போனால் ஏறக்குறைய மும்மடங்கு. பரம்பரையை மட்டும் பழிக்க முடியாது.

சூழலும் மாறியிருக்கிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், ஈப்போ வட்டார ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போக, தோட்ட லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள் தாமான் எனும் குடியிருப்புகளுக்கு வந்தன. பால்மரக் காட்டில் கட்டிப்பால் பொறுக்கிய பிள்ளைக்கு வெளிச்சம் கேளாமலே கிடைத்தது. அதைப் பொற்காலமாக்க வேண்டாம். பலருக்குப் படிப்பு பாதியில் நின்றது, கண் பரிசோதனையும் அரிது. பிற்பகல் மழை வாடிக்கையான இம்மாநிலத்தில் பிள்ளைகள் வெளியே வர பள்ளியின் காலை ஓய்வு நேரமே தோது. சிற்றுண்டிச்சாலையில் அடைபடாமல் பிள்ளைகள் திடலுக்கு வந்தால் போதும்.