சுவர்ப் படமும் பெட்டிப் படமும்

குளுவாங்கைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களில், லயத்து வீட்டுக்குள் நுழைந்தவர் கண்ணில் முன்னாளில் முதலிற் படுவது கண்ணாடிச் சட்டமிட்ட லட்சுமி படமோ சரஸ்வதி படமோதான். கோலாலம்பூரில் 1963 டிசம்பர் 28-ல் தொலைக்காட்சி தொடங்கி, 1978-ல் அதற்கு வண்ணமும் வந்தபின், அப்படத்தின் கீழேயே பெட்டியும் வந்தமர்ந்தது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதே எமது அபிப்பிராயம்.

குடும்பத்தின் மூத்தவர் 1848-ல் கிளிமானூரில் பிறந்த ரவி வர்மா. மேனாட்டு எண்ணெய் வண்ண முறையைக் கைக்கொண்டு தேவிமாருக்குச் சேலை உடுத்தி, நாடகமேடைத் திரைபோன்ற காட்சியின் முன் நிறுத்தினார். 1894-ல் பம்பாயில் அச்சகமும் நிறுவினார். வண்ணத்திற்கு ஒரு கல்லாகத் தீட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தாளில் ஒற்றி எடுப்பது அங்கு வழக்கம். அரண்மனைச் சித்திரம் இவ்விதமாகக் கடைத்தெருவுக்கு வந்தது. இதனைக் கலையின் வீழ்ச்சி என்பாருமுண்டு. நாம் அவ்வாறு சொல்லத் துணியோம். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் 1939-ல்தான் நுழைய முடிந்தது. ஊரிலே கோயில் வாசலை மிதிக்கவும் உரிமையற்றுத் தோட்டத்திற்கு ஆளாக வந்தவனுக்கு, எந்தக் குருக்களின் தயவுமின்றிக் கிடைத்த தெய்வம் அந்தத் தாள் ஒன்றே! பகட்டான படந்தான், ஆயினும் அதில் அவனுக்கொரு பொருள் இருந்தது.

அந்த அச்சகத்தில் பணியாற்றிய பால்கே 1913-ல் 'ராஜா ஹரிச்சந்திரா' என்னும் படத்தை எடுத்தார். 1987 ஜனவரி 25-ல் ராமானந்த சாகரின் 'ராமாயண்' இந்தியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதே கிரீடம், அதே நகை, அதே மாறாத புன்னகை! பாத்திரங்கள் சித்திரம்போல் நின்றுவிட, காமிரா ஒவ்வொரு முகமாய்த் தடவிக்கொண்டிருக்கும். கதையோ நகர மறுக்கும். ஜனங்கள் குளித்துவிட்டு வந்து பெட்டிக்கு மாலையிட்டார்கள். சுவர்ப் படத்திற்கு இட்ட மாலைதானே அது, தோழர்களே!

கிரீடத்தை வணங்கியோர் கோடிப்பேர். கதை எங்கே என்று கேட்டவர் யார் தெரியுமா? பண்டிதரல்லர். பட்டாபிஷேகத்தோடு தொடரை முடிக்கப் போகிறார்கள் என்றறிந்து, 1988-ல் வட இந்திய நகரங்களிலே வால்மீகியைத் தம் முன்னோராகக் கொண்டாடும் துப்புரவுத் தொழிலாளர் விளக்குமாற்றைக் கீழே வைத்தனர். சீதை காட்டுக்கு அனுப்பப்பட்டதும், அவளுக்கும் பிள்ளைகளுக்கும் வால்மீகி அடைக்கலம் அளித்ததும் காட்டப்பட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. தெருக்களில் குப்பை குவிந்தது. அதன்பின் உத்தர காண்டமும் படமாக்கப்பட்டது. அதிலும் நகைகளுக்கு ஒரு குறையுமில்லை.