ஆபரேஷனுக்குப் பிறகு பாட்டி ஆள் மாற்றிப் பேசுகிறாரா? மயக்க ஊசிதான் காரணமா?

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த பாட்டி, மறுநாள் ராத்திரி பெற்ற மகளையே பார்த்து "நீ யாரும்மா?" என்கிறார். கையில் ஏறும் டிரிப்ஸைப் பிடுங்கப் பார்க்கிறார். "மயக்க ஊசி போட்டு மூளையையே கெடுத்துட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்து விடுகிறார்கள். உண்மையில் நடப்பது என்ன?

இதற்கு டெலிரியம் என்று பெயர். திடீரென வரும் மனக்குழப்பம். பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்களில் வரும். காலையில் தெளிவாகப் பேசுபவர், இருட்டியதும் குழம்புவார். சத்தம் போடுபவரை எல்லாரும் கவனிப்போம். பேசாமல், சாப்பிடாமல் சுருண்டு படுத்திருப்பவரை "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவோம். அதுவும் டெலிரியமாக இருக்கலாம். அதிகம் கோட்டை விடுவது இந்த வகையைத்தான்.

மயக்கத்தில் மூளை என்ன செய்கிறது?

மயக்கம் என்பது தூக்கம் அல்ல. புரோபோஃபால் போன்ற மருந்துகள் மூளை செல்களை அடக்கி வைக்கின்றன. நெற்றியில் ஒட்டும் இஇஜி பட்டையில் மூளை அலைகள் மெதுவாக, பெரிதாக மாறுவது தெரியும். வயதானவர்களுக்கு இந்த அலைகள் வலுக்குறைவு. குறைந்த மருந்திலேயே ஆழ்ந்து போய்விடுவார்கள். ரொம்ப ஆழமானால் கோடு அவ்வப்போது தட்டையாகிவிடும். பிஐஎஸ் என்ற கருவி மயக்கத்தின் ஆழத்தை 0 முதல் 100 வரை எண்ணாகக் காட்டும். ஆபரேஷன் நேரத்தில் 40 முதல் 60 வரை வைத்திருப்பது வழக்கம்.

அப்படியானால் இஇஜி பார்த்து மருந்தைக் குறைத்தால் குழப்பமே வராதா? அமெரிக்காவில் 60 வயதைத் தாண்டிய 1,200-க்கும் அதிகமானவர்களிடம் சோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். இஇஜி பார்த்து மருந்து கொடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்கு டெலிரியம். மற்றவர்களில் 23 சதவீதம். பலன் தெரியவில்லை. வேறு சில ஆய்வுகளில் பலன் கிடைத்ததால் விவாதம் இன்னும் முடியவில்லை.

"முதுகில் ஊசி போட்டா போதுமே" என்று கேட்பவர்களும் உண்டு. இடுப்பு எலும்பு முறிந்த 1,600 பேரை வைத்து அமெரிக்கா, கனடாவில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. முதுகு ஊசியோ முழு மயக்கமோ, இரண்டிலும் சுமார் 20 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது. அதாவது பழியை மயக்க ஊசி மேல் மட்டும் போட முடியாது. ஆபரேஷனால் உடம்பில் ஏற்படும் அழற்சி, வலி, தூக்கமின்மை, நோய்த்தொற்று, வீட்டில் யாரும் கவனிக்காத பழைய மறதி எல்லாம் இதில் சேரும்.

ஞாபகம் திரும்புமா?

பெரும்பாலானவர்களுக்குத் திரும்பும். பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட, 60 வயதுக்கு மேற்பட்ட 1,218 பேரைப் பற்றிய ஆய்வு 1998-ல் லான்செட் இதழில் வந்தது. ஞாபகம், கவனம் பற்றிய தேர்வுகளில் ஒரு வாரத்தில் 25.8 சதவீதம் பேர் பின்தங்கினார்கள். மூன்று மாதத்தில் அது 9.9 சதவீதமாகக் குறைந்தது. ஆபரேஷனே செய்யாதவர்களிலும் சுமார் 3 சதவீதம் பேர் அதே தேர்வில் பின்தங்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மயக்க மருந்து டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். ஏற்கெனவே இருக்கும் மறதி, தூக்க மாத்திரை, தாத்தாவின் குடிப்பழக்கம் எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். கூச்சப்பட்டு மறைப்பது பெரும்பாலும் கடைசி விஷயத்தைத்தான். திடீரெனக் குடி நின்றாலும் டெலிரியம் வரும்.

ஆபரேஷன் முடிந்ததும் கண்ணாடி, காது மெஷின், பல்செட்டை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு சீக்கிரமே திருப்பிக் கொடுங்கள். பகலில் வெளிச்சம் படட்டும், ராத்திரி தூங்க விடுங்கள். டாக்டர் அனுமதித்தால் எழுப்பி நடக்க வையுங்கள். பழகிய முகம் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். அவர் தப்பாகச் சொன்னால் வாக்குவாதம் வேண்டாம். "நான் உங்க மகள், ஆஸ்பத்திரியில் இருக்கோம்" என்று அமைதியாகச் சொன்னால் போதும்.

குழப்பம் திடீரெனத் தொடங்கினால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். நோய்த்தொற்று, சிறுநீர் அடைப்பு, ஆக்சிஜன் அல்லது உப்புச்சத்து குறைவு என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம்.

இந்தப் பயத்தில் இடுப்பு எலும்பு ஆபரேஷனைத் தள்ளிப்போடுவது ஆபத்து. படுத்தே கிடந்தால் நிமோனியா, படுக்கைப்புண், காலில் ரத்தக்கட்டு வரலாம். மூன்று மாதம் கழித்தும் மறதி குறையவில்லை என்றால் முதியோர் நல மருத்துவரையோ நரம்பியல் மருத்துவரையோ பாருங்கள்.